பிள்ளையையும் பார்த்து, பாடமும் சொல்லும் பெண்ணுக்கு என்ன சம்பளம்?

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடும். ஜூன் பிறந்தால்தான் திறக்கும். 2024-ல் ஜூன் 10-ந் தேதி திறந்தார்கள். 2025-ல் ஜூன் 2-ந் தேதி. எப்படிப் பார்த்தாலும் 5 வாரம், 6 வாரம் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தாய்க்கு?

தர்மபுரிக்குத் தெற்கே, சேலம் போகிற பெரிய சாலையில் இருக்கிறது நல்லம்பள்ளி. சுற்றிலும் சின்னச் சின்ன ஊர்கள். கோடை என்று சொல்லித் தாய் வீட்டில் உட்கார முடியாது. பூப்பறிக்கப் போக வேண்டும். களை எடுக்கப் போக வேண்டும். கட்டிட வேலைக்குச் சித்தாளாகப் போக வேண்டும். கம்பெனி வண்டி வந்தால் ஏறிப் போக வேண்டும். தகப்பனார் பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்.

பிள்ளையை யார் பார்ப்பது?

பாட்டி இருந்தால் கவலை இல்லை. எல்லா வீட்டிலும் பாட்டி இல்லை. இருக்கிற பாட்டியும் ஆடு ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். ஆகவே தாய் தெருவைப் பார்க்கிறாள். தெருவிலே பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பெண் ஒருத்தி இருப்பாள். அல்லது கல்லூரி விடுமுறைக்கு வந்த பெண் இருப்பாள்.

"ஏன் கண்ணு, நீ சும்மாதானே இருக்கே? நம்ம பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கோ. அப்படியே நாலு எழுத்தும் சொல்லிக் கொடு" என்பாள்.

அந்தப் பெண்ணும் சரி என்பாள். அடுத்த வாரம் இன்னொரு தாய் கொண்டுவந்து விடுவாள். பிறகு இன்னொருத்தி. திண்ணையில் 8 பிள்ளைகள் சேர்ந்துவிடும். காலை 8 மணிக்கு வந்தால் மாலை 4 மணிக்குத்தான் போகும்.

இந்தப் பெண்ணுக்கு என்ன கொடுப்பது? இங்கேதான் சிக்கல்!

மணிக்கு 12 ரூபாய்!

பல வீடுகளில் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? "டியூஷனுக்குப் பிள்ளைக்கு மாதம் இவ்வளவு" என்று போடுகிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்பவர் வாங்குகிற தொகை அது. அதையே இந்தப் பெண்ணுக்கும் கொடுத்துவிட்டு, நியாயமாகக் கொடுத்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள்.

ஒரு பேச்சுக்குப் பிள்ளைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பிள்ளைக்கு 2,400 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலை. ஒரு நாளைக்கு 96 ரூபாய். அதை 8 மணி நேரத்துக்குப் பங்கு போட்டால் மணிக்கு 12 ரூபாய்!

எந்தக் காட்டு வேலைக்காவது மணிக்கு 12 ரூபாய்க்கு ஆள் வருவார்களா? ஒருவரும் வரமாட்டார்கள். கூலி கேட்கிற தாயே அந்தக் கூலிக்குப் போகமாட்டாள்.

எங்கே தவறு நடந்தது? அந்தப் பெண் செய்வது இரண்டு வேலை. ஒன்று, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. இன்னொன்று, பாடம் சொல்வது. பாடத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். பார்த்துக்கொள்வதை இனாமாக வாங்கிக்கொள்கிறார்கள்.

நான் தலைகீழாகச் சொல்வேன். முதல் கூலி பார்த்துக்கொள்வதற்குத்தான். பாடம் சொன்னால் அதற்கு மேலே கொடுக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

காவல் என்றால் என்ன?

"பிள்ளைகள் தானாக விளையாடுகின்றன. இவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். இது ஒரு வேலையா?" என்று கேட்பார்கள்.

தர்மபுரிப் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். ஆழமான கிணறு. பலவற்றுக்குச் சுற்றுச் சுவர் கிடையாது. ஏரியில் மண் எடுத்த குழி இருக்கும். மேலே முழங்கால் தண்ணீர் போலத் தெரியும். இரண்டடி தள்ளிக் கால் வைத்தால் ஆள் முழுகிவிடும். வெயில் காலத்தில் பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நிற்காது.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்று அதில் சொல்லியிருக்கிறது. 5 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளின் சாவுக்குக் காரணங்களை வரிசைப்படுத்தினால், மூழ்குவது 3-வது இடத்தில் நிற்கிறது.

இதற்கு என்ன மருந்து? வங்காள தேச நாட்டுக் கிராமங்களில் ஒன்று செய்து பார்த்தார்கள். அங்கே வீட்டுக்கு வீடு குட்டை உண்டு. காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணி வரை தாய்மார்கள் வேலையில் இருப்பார்கள். பிள்ளைகள் குட்டையில் விழுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஆகவே அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் பிள்ளைகளை ஒரு வீட்டில் சேர்த்தார்கள். அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் காவல் வைத்தார்கள். வாரத்துக்கு 6 நாள். அந்த இடத்துக்கு 'ஆஞ்சல்' என்று பெயர். ஆஞ்சல் என்றால் முந்தானை.

என்ன ஆயிற்று? அங்கே போன சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கிச் சாவது நூற்றுக்கு 80-க்கு மேல் குறைந்துவிட்டது!

மருந்து இல்லை, மாத்திரை இல்லை, இயந்திரம் இல்லை. ஒரு பெண் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருப்பது என்று நாம் சொல்கிறோமே, அதன் விலை இது.

வீட்டில் தாய் செய்தால் இதற்கு விலை இல்லை. அதனால்தான் மற்றவர் செய்தாலும் விலை இல்லை என்று நினைக்கிறோம். 2024-ல் இந்திய அரசு வீடு வீடாகப் போய், யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. 15 வயது முதல் 59 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 41 பேர் வீட்டில் பிள்ளைகளையும் முடியாதவர்களையும் கவனிக்கிறார்கள். ஆண்களில் 100-க்கு 21 பேர்தான். கவனிக்கிற பெண் ஒரு நாளைக்கு 140 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 74 நிமிடம். (74 நிமிடமா என்று வியக்கும் தாய்மார்கள் இருக்கலாம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது!)

சர்க்கார் கொடுத்தது 1,000 ரூபாய்

இப்படிப் பாடம் சொல்லும் தெருப் பெண்ணுக்குச் சர்க்காரே ஒரு தொகை வைத்தது. எவ்வளவு வைத்தது என்று பார்ப்போம்.

கொரோனா நோய்க் காலத்தில் பள்ளிக்கூடங்கள் ஒன்றரை ஆண்டு மூடிக் கிடந்தன. பிள்ளைகள் படித்ததை மறந்துபோனார்கள். 2021 அக்டோபர் 27-ந் தேதி, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அவர்கள் தெருவிலேயே, மாலையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் பாடம். சொல்லிக் கொடுப்பவர் அதே ஊர்க்காரர். ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக் கொடுக்கப் பன்னிரண்டாம் வகுப்புப் படித்திருந்தால் போதும். அதற்கு மேலே பட்டம் வேண்டும்.

வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சம்பளம் என்று சொல்லவில்லை. 'ஊக்கத்தொகை' என்றார்கள். மாதம் 1,000 ரூபாய்.

பலன் இருந்ததா? நிறைய இருந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படித் திரும்பி வந்ததில் ஏறக்குறையக் கால் பங்கு இந்தத் தெருப் பள்ளிகளால் வந்தது என்று கண்டார்கள்.

ஆக, தெருப் பெண்ணுக்குப் பாடம் சொல்ல வரும். அதிலே சந்தேகம் வேண்டாம்.

கூலிக்கு வருவோம். நாளைக்கு ஒன்றரை மணி நேரம், மாதம் 22 நாள் என்று வைத்தால் 33 மணி நேரம். 1,000 ரூபாயை 33-ஆல் வகுத்தால் மணிக்கு 30 ரூபாய். வீட்டுவேலைக்காரிக்கு அதே சர்க்கார் வைத்த கூலியை விட இது குறைவு!

ஆமாம், அப்படி ஒரு கூலி உண்டு. பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு 2007-ல் நல வாரியம் வந்தது. 1948-ம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 2018-ல் அவர்களுக்கு மணிக் கூலி நிர்ணயித்தார்கள். சாதாரண வேலைக்கு மணிக்குச் சுமார் 37 ரூபாய். பயிற்சி பெற்றவருக்குக் கொஞ்சம் கூட. யாருக்கும் 40 ரூபாயைத் தொடவில்லை. அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. வீட்டுவேலை செய்பவர்களுக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரி 29-ந் தேதி உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் எப்போது வந்தாலும், நல்லம்பள்ளித் திண்ணைக்கு அதிகாரி வந்து கணக்குப் பார்க்கப் போவதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

'ஊக்கத்தொகை', 'மதிப்பூதியம்' என்ற சொற்களைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் பணிக்கொடை கேட்டு வழக்குப் போட்டார்கள். "நாங்கள் கொடுப்பது மதிப்பூதியம்தான், சம்பளம் அல்ல. ஆகவே பணிக்கொடை கிடையாது" என்பது எதிர்த் தரப்பு வாதம். 2022 ஏப்ரல் 25-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெயர் என்னவாக இருந்தாலும், வேலைக்குக் கொடுக்கிற பணம் சம்பளம்தான். பணிக்கொடை கொடுத்தாக வேண்டும் என்றது. நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் ஓகா.

கோர்ட்டிலே தீர்ந்துவிட்டது. வீட்டிலே தீரவில்லை. "உனக்குச் சம்பளம் என்று இல்லை கண்ணு, கைச்செலவுக்கு ஏதோ தருகிறோம்" என்கிறோமே, அதுவும் இதே கதைதான்.

ஒரு நாள் கூலிக் கணக்கு

சரி, நியாயமான தொகைதான் எவ்வளவு? ஒரு கணக்குப் போடுவோம். தாளும் பேனாவும் எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு கூலியை அளவுகோலாக எடுப்போம். 100 நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய். (அந்தத் திட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலைச் சட்டம் 2025 டிசம்பரில் நிறைவேறியது. நமக்கு இங்கே வேண்டியது கூலி அளவு மட்டும்தான்.) 336 ரூபாயை 8 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42 ரூபாய்.

மண் வெட்டுகிறவருக்கு மணிக்கு 42 ரூபாய். 8 பிள்ளைகளின் உயிரைக் காக்கிறவளுக்கு அதைவிடக் குறைத்துக் கொடுக்க ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே 8 மணி நேரக் காவலுக்கு 336 ரூபாய்.

அடுத்தது பாடம். நாள் முழுவதும் பாடம் நடக்காது, நடக்கவும் கூடாது. விடுமுறைப் பிள்ளைக்கு 2 மணி நேரம் தாராளம். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பது, வாய்ப்பாடு, கொஞ்சம் ஆங்கிலம். அந்த 2 மணி நேரத்துக்குக் கூலி இரட்டிப்பு. மணிக்கு 42 ஏற்கனவே சேர்ந்துவிட்டது. இன்னும் 42 வீதம் 84 ரூபாய் சேருங்கள்.

336-ம் 84-ம் 420 ரூபாய். இதுதான் ஒரு நாள் சம்பளம்.

இரட்டிப்பு ஏன், ஒன்றரைப் பங்கு போதாதா? போதாது என்பது என் கட்சி. பிள்ளைகள் எல்லாம் ஒரே வகுப்பு அல்ல. ஒன்று இரண்டாம் வகுப்பு, ஒன்று ஆறாம் வகுப்பு. ஒருவனுக்குக் கழித்தல் வராது. ஒருத்திக்கு 'ழ' வராது. ஆளுக்கு ஒரு பாடம் தயாரிக்க வேண்டும். அந்தப் பெண் இரவில் உட்கார்ந்து மறுநாள் பாடத்தைப் பார்க்கிற நேரம் எந்தக் கணக்கிலும் வராது. இரட்டிப்பு என்பது அதையும் சேர்த்துத்தான்.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர் விகிதம் குறைவாக இருந்த மாவட்டம் தர்மபுரி. நூற்றுக்கு 68 பேர் சில்லறை. அதிலும் பெண்கள் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். இந்த மாவட்டத்தில் ஒரு பெண் பன்னிரண்டு வகுப்புப் படித்து, தெருப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்கிறாள் என்றால் அந்தப் படிப்புக்கு ஒரு விலை கொடுக்க வேண்டாமா?

வாரத்துக்கு 6 நாள் வீதம் 5 வாரம். மொத்தம் 30 நாள். நாளைக்கு 420 என்றால் 12,600 ரூபாய்.

இந்தத் தொகை அந்தப் பெண்ணுக்கு என்ன செய்யும்? அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்க 2022-ல் தொடங்கினார்கள். அந்த உதவித்தொகை பல வீடுகளில் பெண்ணின் படிப்பைக் காப்பாற்றியிருக்கிறது. ஓர் ஆண்டு முழுவதும் சேர்ந்தால் 12,000 ரூபாய். ஒரு கோடைக் கூலி அதைவிட 600 ரூபாய் அதிகம்!

தாயின் கையில் என்ன மிஞ்சும்?

"கணக்கு நன்றாக இருக்கிறது. நான் வாங்குவதே 336 ரூபாய். அதில் 420 ரூபாய் எங்கே இருந்து கொடுப்பேன்?" என்று தாய் கேட்பாள். நியாயமான கேள்வி.

தனியாக ஒரு வீடு இதைக் கொடுக்க முடியாது. கொடுக்கவும் வேண்டாம். 8 பிள்ளைகளுக்கும் பங்கு போடுங்கள். ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 52 ரூபாய் 50 காசு. ஒரு பிள்ளை உள்ள தாய்க்குக் கையில் 283 ரூபாய் 50 காசு நிற்கும். இரண்டு பிள்ளை என்றால் 105 ரூபாய் போய் 231 ரூபாய் நிற்கும்.

231 ரூபாய் பெரிய தொகை அல்ல. நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தாய்க்கு வேறு வழி என்ன? வேலைக்குப் போகாமல் இருந்தால் ஒன்றும் இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், களத்து மேட்டில் வெயிலில் கிடக்கும். அல்லது பெரிய பெண்ணைக் காவல் வைக்க வேண்டும்.

இந்தப் 'பெரிய பெண்' விஷயத்தைக் கொஞ்சம் பேச வேண்டும். அவளுக்கு வயது 10 அல்லது 11 இருக்கும். அவளும் பிள்ளைதான். அண்ணன் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். இவள் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று கோடை முழுவதும் நிற்பாள். கூலியும் இல்லை, பாடமும் இல்லை. பிறர் வீட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10-ந் தேதி முதல் குற்றம். 2016-ல் சட்டம் இன்னும் கடுமையாயிற்று. சொந்த வீட்டில் தம்பியைப் பார்த்தால் சட்டம் கேட்காது. கேட்காவிட்டாலும் 11 வயதுப் பெண் கிணற்றில் விழுந்த தம்பியை எப்படித் தூக்குவாள்? அவளையும் கூட்டத்தோடு சேர்த்துத் திண்ணைக்கு அனுப்புங்கள். பாடம் படிக்கட்டும்.

பிள்ளைகளின் எண்ணிக்கையை ஏற்றினால் தாயின் பங்கு குறையும் என்று தோன்றும். 8 பேரை 16 ஆக்கினால் 26 ரூபாய்தானே! செய்யாதீர்கள். ஒரு பெண் 16 பிள்ளைகளை 8 மணி நேரம் பார்க்க முடியாது. பத்துக்கு மேலே போனால் இன்னொரு பெண் வேண்டும்.

இன்னொரு வழி உண்டு. சர்க்காரும் பஞ்சாயத்தும் பாதியை ஏற்கலாம். ஒரு திண்ணைக்கு 12,600 ரூபாயில் பாதி 6,300 ரூபாய். தாய்க்குப் பிள்ளை ஒன்றுக்கு 26 ரூபாய் சில்லறைதான் ஆகும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தினார்கள். சின்னத் தோட்டத்துக்கும் களத்துக்கும் அது பொருந்துவதே இல்லை. அங்கன்வாடி இருக்கிறது. அது ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும்தான். இல்லம் தேடிக் கல்வியில் பழகிய பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாலை ஒரு மணி நேரத்துக்குத் திட்டம் போட்டவர்கள், கோடைப் பகலுக்கும் ஒரு திட்டம் போட்டால் என்ன? இந்த முறை மாதம் 1,000 என்று ஆரம்பிக்காமல், நாள் கூலியாகவே ஆரம்பிக்கட்டும்.

சாப்பாடு யார் பொறுப்பு?

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். சண்டை வருவது இதில்தான்.

பள்ளிக்கூடம் மூடினால் சத்துணவும் நின்றுவிடும், காலை உணவும் நின்றுவிடும். பிள்ளைகளுக்குப் பகல் சோறு வேண்டும். தாய் கட்டிக் கொடுத்து அனுப்புவது நல்லது. முடியாவிட்டால் அரிசி, பருப்பு, கேழ்வரகு மாவு என்று வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொடுக்கலாம். அதற்காகக் கூலியில் பிடிக்கக் கூடாது. அந்தப் பெண் அங்கேயே ஒரு வாய் சாப்பிட்டாள் என்று அதையும் கணக்கில் கழிக்கிறவர்கள் உண்டு. பாவம்!

சமைப்பதும் அவளே என்றால் அது மூன்றாவது வேலை. அதற்குத் தனியாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. அங்கே 1974-ல் வீட்டுவேலை செய்பவர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். எப்போதாவது வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண்களுக்கு விலக்கு வைத்தார்கள். ஆனால் அவள் நேரத்தில் நூற்றுக்கு 20-க்கு மேல் பாத்திரம் கழுவுவது, பெருக்குவது என்று போனால் விலக்கு போய்விடும். முழுக் கூலி கொடுக்க வேண்டும். பிள்ளை பார்க்க வந்தவளிடம் வீட்டுவேலையையும் தலையில் கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது என்று தெரிகிறது அல்லவா?

நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் அந்தக் காலத்தில் ரொக்கம் குறைவுதான். தானியம் கொடுத்தார்கள். நவராத்திரியில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிப் போய் வாங்கிவந்த காசும் அவருக்குத்தான். அது தானியத்திலேயே குடும்பம் நடந்த காலம். இன்றைக்குக் கல்லூரியில் கேழ்வரகு வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்க மாட்டார்கள்.

முதல் நாளே பேசிவிடுங்கள்

உறவுக்காரப் பெண்ணாக இருந்தால் பணம் பேசக் கூச்சமாக இருக்கும். "நம்ம வீட்டுப் பெண்தானே" என்போம். அவளும் "அத்தையிடம் எப்படிக் கேட்பது" என்று வாய் திறக்கமாட்டாள். கடைசியில் ஒரு சேலையோ, ஒரு சுடிதார்த் துணியோ கையில் வந்து சேரும். சேலை கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூலியையும் கொடுங்கள்.

தாய்மார்கள் எல்லாரும் ஒரு மாலை அந்தப் பெண் வீட்டுக்குப் போங்கள். அவள் தாய் தகப்பனையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் பிள்ளை வரும், எத்தனை மணிக்குத் திரும்பும். 4 மணிக்கு மேலே தாமதமானால் மணிக்கு 42 ரூபாய் கூட. பிள்ளை ஒரு நாள் வராவிட்டாலும் பங்கு உண்டு. அவள் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் அல்லவா? அவளுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்குக் கூலி இல்லை, ஆனால் ஏச்சும் இல்லை. எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது, யார் செல்போன் நம்பர் எது, யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்பதையும் அதே நோட்டில் எழுதிவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 8 பிள்ளைகளை வைத்துக்கொண்டு செல்போனில் படம் பார்க்கக் கூடாது. கிணற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. கூலி வாங்குகிற வேலை இது. அடித்தால் பாடம் ஏறும் என்று யாராவது சொல்லி வைத்திருந்தால் அதையும் மறந்துவிடு தங்கச்சி.

பணத்தை எப்போது கொடுப்பது? வாரம் ஒரு முறை, சந்தைக்கு முந்தின நாள் மாலையில் கொடுத்துவிடுங்கள். தாய்க்கும் வாரக் கூலி கைக்கு வருகிற நேரம் அது. விடுமுறை முடிந்ததும் மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே மாதத்தில் வருகிறது. 2025-ல் மே 8-ந் தேதியே வந்துவிட்டது. விண்ணப்பம் போட, பணம் கட்ட என்று அதன் பிறகு வரிசையாகக் கடைசித் தேதிகள் வரும். அந்த நாளில் பெண்ணின் கையில் பணம் இருக்க வேண்டும்.